அழைக்காமல் போகவேண்டிய வீடு

தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிற சட்டம் ஒன்று உண்டு. நல்ல காரியத்துக்கு அழைத்தால்தான் போகவேண்டும்; கெட்ட காரியத்துக்கு அழைக்காமலே போகவேண்டும். கலியாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை என்றால், அடுத்த வீடாகவே இருந்தாலும், கொட்டுமேளம் காதில் விழ விழ நம் வீட்டுக் கூடத்தில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கவேண்டும். சாவு என்றாலோ, முந்தின நாள்வரை முகம் கொடுத்துப் பேசாதவன்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட வேண்டும். இதை எந்தச் சாஸ்திரத்திலும் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. பாட்டிமார்களின் வாயிலேயே இருக்கிற சட்டம் இது.

இந்தச் சட்டத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதும், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, எனக்குப் பட ஆரம்பித்திருக்கிறது. அந்த ஓட்டையைப் பற்றிப் பேசத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் சட்டத்தின் அழகைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சந்தோஷத்துக்கு ஏன் அழைப்பு வேண்டும்? சந்தோஷ வீட்டில் இலை போட்டிருக்கிறது. அழைக்காமல் வந்தவனைப் பார்த்தால், இவன் மணமக்களைப் பார்க்க வந்தானா, இலையைப் பார்க்க வந்தானா என்று ஒரு சந்தேகம் வரும். பிறருக்கு வராவிட்டாலும் அவனுக்கே வரும். ஆகவே அழைப்பு என்பது வருகிறவனுடைய மானத்துக்கு ஒரு காப்பு.

அழைக்கிறவனுக்கோ அது ஒரு பரீட்சை. நம் பக்கத்தில் தந்தை வழி உறவினனுக்குப் பங்காளி என்று பெயர். எவ்வளவு கூர்மையான சொல் பாருங்கள்! அன்புக்கு உரியவன், ரத்தத்துக்கு உரியவன் என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், பங்குக்கு உரியவன் என்று பட்டென்று சொல்லிவிட்டார்கள். ஒரு வேலி நிலத்தை நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டவன் அவன். ஒரே மடையில் தண்ணீர் பாய்ச்சுகிறவன். அவன் வயலுக்குப் பாய்ந்து மிச்சம் நம் வயலுக்கு வந்தால் நமக்கு ஒரு காய்ச்சல் வருகிறது. அதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று ஊரே பெயர் வைத்திருக்கிறது. வைத்தியரிடம் மருந்து கிடையாது. அந்தக் காய்ச்சல்காரனை, 'என் சந்தோஷத்தை வந்து பார்' என்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது லேசான காரியம் அல்ல. அவன் காய்ச்சலை உள்ளே அடக்கிக்கொண்டு, சட்டைப் பையில் மொய்ப் பணத்தோடு வந்து உட்காருவதும் லேசான காரியம் அல்ல.

அதனால்தான் அழைப்பில் இத்தனை நுணுக்கம். பங்காளிக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பக் கூடாது, நேரில் போகவேண்டும். புருஷன் மட்டும் போனால் போதாது. வீட்டுக்காரியும் போய்க் குங்குமம் கொடுத்துக் கூப்பிடவேண்டும். பத்திரிகையின் அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு வரிசையாகப் பெயர்களை அச்சிடுகிறோமே, அந்த வரிசையின் பொருட்டுக் கும்பகோணத்து அச்சுக்கூடங்களில் நடந்திருக்கிற பஞ்சாயத்துகளைத் தொகுத்தால் இரண்டு பாகத்தில் ஒரு நாவல் தேறும். எங்கள் பெரியப்பா ஒருவர், தம் பெயர் தம்பியின் பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது என்பதற்காகத் தம்பி வீட்டுக் கலியாணத்துக்குப் போகவில்லை. ஆனால் கலியாண வீட்டுக்கு எதிர்த் திண்ணையில் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து சாயங்காலம்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாம் வராமல் இருப்பதை எல்லாரும் பார்க்கவேண்டும் அல்லவா? அதே பெரியப்பாதான், சில வருஷங்களுக்குப் பிறகு அந்தத் தம்பி மாரடைப்பில் போனபோது, நடவு வயலில் நின்றவர் சேற்றுக் காலோடு ஓடி வந்தார். அன்றைக்கு யாரும் அவரை அழைக்கவில்லை. அவர் பெயரை எந்த வரிசையிலும் போடவும் இல்லை.

துக்கத்துக்கு அழைப்பு கிடையாது. தகவல் மட்டும்தான் உண்டு. 1879ல் கால் அணாத் தபால் அட்டை இந்தியாவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நம் ஜனங்கள் அதற்கு ஒரு பாஷையே ஏற்படுத்திவிட்டார்கள். நல்ல செய்தி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் செய்தி என்றால் ஓரத்தில் கறுப்பு மை. எழுத்துத் தெரியாதவர்களுக்குக்கூட நிறத்தைப் பார்த்து விஷயம் தெரிந்துவிடும். கறுப்பு அட்டையை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். அவசரம் என்றால் தந்தி. வாழ்த்துச் சொல்லத் தயாரான வாசகங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து வைத்திருந்தது தபால் தந்தி இலாகா. எண்ணைச் சொன்னால் வாழ்த்துப் போய்ச் சேர்ந்துவிடும். இருந்தாலும் கிராமத்தில் தந்திச் சேவகரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால், முதலில் அழுகை கிளம்பும். பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். 2013 ஜூலையில் அந்தத் தந்தியும் நின்றுபோயிற்று.

அட்டைக்கும் தந்திக்கும் முன்னால் செய்தி மனிதருடைய காலில் நடந்தது. 'இழவு சொல்ல' என்று சேரியிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். அவர் வெண்ணாற்றையும் வெட்டாற்றையும் தாண்டி, வரப்பு வரப்பாக, இரவோடு இரவாக ஏழெட்டு ஊர்களுக்கு நடந்து உறவுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு வரவேண்டும். கூலி, கொஞ்சம் நெல். செய்தி கேட்டவர்கள் உள்ளே ஓடி அழுவார்கள். கொண்டுவந்தவருக்குத் திண்ணையில்கூட இடம் கிடையாது. சுக துக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்கள் என்று நாம் பெருமை பேசும்போது, அந்தப் பகிர்வைச் சுமந்து வந்து கொடுத்தவருக்கு அதில் பங்கு இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர் வீட்டுச் சாவுக்கு எத்தனை பேர் அழைக்காமல் போனார்கள் என்று கேட்டால், பாட்டியின் சட்டம் பதில் சொல்லாது.

ஆனால் பங்காளிகளுக்குள்ளே சட்டம் கறாரானது. பங்காளி செத்தாலும் தீட்டு. பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தீட்டு. சாவுத் தீட்டு சிலருக்குப் பத்து நாள், சிலருக்குப் பதினாறு நாள். அவன்மேல் உனக்குப் பிரியம் உண்டா என்ற கேள்வியே இல்லை. வரப்புத் தகராறில் மன்னார்குடிக் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் சரி, வக்கீலுக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்து தீட்டைக் காத்தாக வேண்டும். மனசு பங்கு கொள்ளாவிட்டாலும் பஞ்சாங்கமாவது பங்கு கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். சாவு வீட்டில் நடந்துகொள்ளும் முறையிலும் அதே விவேகம் இருக்கிறது. அங்கே 'வாருங்கள்' என்று வரவேற்பதில்லை. கிளம்பும்போது 'போய் வருகிறேன்' என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. போனோம், உட்கார்ந்தோம், எழுந்து வந்தோம். என்ன பேசுவது என்று திண்டாடுகிறவனுக்குக்கூடச் சிரமம் இல்லை. பேசவே வேண்டாம்.

இது நம் ஊர் ஞானம் மட்டும் அல்ல. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கிரேக்க தேசத்தில் இருந்த அரிஸ்டாட்டில், நிக்கோமாக்கஸ் பெயரால் வழங்குகிற தம் அறநூலின் ஒன்பதாம் பகுதியில், கிட்டத்தட்ட நம் பாட்டி சொன்னதையே சொல்லியிருக்கிறார். உனக்கு நல்ல காலம் என்றால் நண்பர்களைத் தாராளமாகக் கூப்பிடு. கஷ்ட காலத்தில் அவர்களைக் கூப்பிடத் தயங்கு. நண்பனுக்குக் கஷ்டம் என்றால் கூப்பிடாமலே போ. அவனுடைய நல்ல காலத்தில் ஆதாயம் பெறுவதற்கு மட்டும் அவசரப்படாதே. சாரம் இதுதான். படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏதென்ஸ் நகரத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே எத்தனை சமுத்திரம்!

ஆனால் ஒரு வித்தியாசம். அரிஸ்டாட்டில் பேசுவது நண்பர்களைப் பற்றி. நண்பனை நாம் தேர்ந்தெடுக்கிறோம். சித்தப்பாவையும் அத்தை பிள்ளையையும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. காவேரி எந்த வயலுக்குப் பாய்வது என்று தேர்ந்தெடுக்காத மாதிரி, நாமும் ஒரு குடும்பத்தில் வந்து பாய்ந்துவிட்டோம். நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களிடத்தில் நமக்கு உள்ள கடமை எதுவரை? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

கெடுதியிலும் ஒரு நன்மை உண்டு, வேண்டியவர்களை நீட்டி அளந்து பார்க்கிற கோல் அது என்ற கருத்தை வள்ளுவர் நட்பாராய்தல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். வள்ளுவரோடு வாதாட எனக்குத் தகுதி போதாது. இருந்தாலும் எங்கள் ஊர் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒன்று சொல்லலாம். எல்லாக் கெடுதியும் ஒரே கோல் அல்ல. சாவு என்கிற கோல் யாரையும் சரியாக அளப்பதில்லை. ஏன் என்றால் சாவுக்கு எல்லாரும் வந்துவிடுகிறார்கள். வராதவனை ஊர் எண்ணி வைத்துக்கொள்ளும் என்ற பயம் இருக்கிறது. கூட்டத்தை வைத்துக்கொண்டு, இத்தனை பேருக்கும் நம்மேல் பிரியம் என்று கணக்குப் போட முடியாது.

கலியாணமும் இல்லாமல் சாவும் இல்லாமல் நடுவில் எத்தனையோ இருக்கின்றன. பையன் பரீட்சையில் தேறவில்லை. பெண் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். சிங்கப்பூருக்குப் போன தம்பி வேலை போய், ஏஜெண்டுக்குக் கொடுத்த பணமும் போய், ஒரே ஒரு பையோடு வந்து இறங்குகிறான். ஜாமீன் கையெழுத்துப் போட்ட அண்ணனின் வீட்டு வாசலில் பாங்கிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். இதற்கெல்லாம் என்ன சட்டம்? அழைத்தால் போவதா? யாரும் அழைக்க மாட்டார்கள். அழைக்காமல் போவதா? அதற்குப் பழக்கம் இல்லை. சாவில் குற்றவாளி கிடையாது, எமன்தான். ஆனால் இந்த மாதிரிச் சறுக்கல்களில் யாரோ ஒருவர் தப்பு செய்திருக்கிறார் என்று எல்லாருக்கும் உள்ளூர ஓர் எண்ணம். நம் சம்பிரதாயத்துக்குத் துக்கம் தெரியும், வெட்கம் தெரியாது. சட்டத்தில் ஓட்டை என்று நான் சொன்னது இதைத்தான்.

சட்டம் இல்லாத இடத்தில் மனுஷன் என்ன செய்கிறான்? வீட்டில் உட்கார்ந்துகொள்கிறான். அதற்கு ஒரு கௌரவமான காரணமும் கண்டுபிடித்து வைத்திருக்கிறான்: 'அவர்களே நம்மிடம் சொல்லவில்லை, நாம் போய் நின்றால் அவர்களுக்குச் சங்கடம்.' இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ கூடங்களில் கேட்டிருக்கிறேன். சில சமயம் அது உண்மையான இங்கிதம். பல சமயம் வெறும் சோம்பல். இன்னும் சில சமயம், சொல்ல வாய் கூசுகிறது, பழைய பங்காளிக் காய்ச்சல் லேசாக இறங்குகிற சுகம்.

எனக்குத் தெரிந்து இந்த ஓட்டையை அடைக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் உண்டு. அவள் என் அத்தை. 1993 ஆவணியில் என் சித்தப்பா ஒருவரின் பெண்ணுக்குக் கலியாணம் நிச்சயமாகி இருந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் அவர் ஊர். பத்திரிகை அச்சாகி, நேரில் வந்து அழைத்து, எல்லாம் முடிந்துவிட்டது. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். என்ன காரணம் என்பது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. சித்தப்பா ராத்திரி எல்லாம் விழித்திருந்து, அழைத்த ஒவ்வொருவருக்கும் தபால் அட்டை எழுதினார். கலியாணம் நின்றுவிட்டது, சிரமப்பட்டு வரவேண்டாம் என்று இரண்டே வரி. எங்கள் வீட்டுக்கு வந்த அட்டையை நான் வாங்கிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மூலையில் மஞ்சளும் இல்லை. ஓரத்தில் கறுப்பும் இல்லை. வெறும் அட்டை.

உறவுக்காரர்கள் அத்தனை பேரும் அந்த இரண்டு வரிக்குக் கட்டுப்பட்டார்கள். என் அப்பாவும்தான். "இப்போது போனால் அவன் முகத்தை எங்கே கொண்டு வைத்துக்கொள்வான்?" என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. முகூர்த்த நாளன்று காலையில் ஒரு பையில் மாற்றுப் புடைவையை வைத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

சித்தப்பா வீட்டு வாசலில் பந்தல்காலைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். குழி மட்டும் மூடப்படாமல் இருந்தது. கலியாணத்துக்கு என்று வாங்கிய பூசணிக்காய்கள் கூடத்து மூலையில் கிடந்தன. சித்தப்பா எழுந்து நின்று, "அக்கா, கார்டு வரலையா?" என்றார்.

"பத்திரிகை வந்துது தம்பி. இன்னிக்கு வரச்சொல்லித்தானே போட்டிருந்தே? வந்துட்டேன். கார்டு என்னமோ வந்துதாம். எனக்கு எங்கே கண்ணு தெரியறது!" என்றாள் அத்தை. விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் தொடர்கதை படிக்கிறவள் அவள்.

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு பூசணிக்காயை நறுக்க உட்கார்ந்தாள். "இது வீணாப் போகலாமா? சாம்பாருக்கு ஆகும், கூட்டுக்கு ஆகும்" என்று சொல்லிக்கொண்டே நறுக்கினாள். உள்ளே இருந்த அக்காவிடம் போய், "கண்ணு, நீயே தலை வாரிக்கறியா, நான் வாரிவிடட்டுமா?" என்று கேட்டாள். மூன்று நாள் இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் அத்தை அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, கொல்லைப்புறமாக அல்ல, தெரு வழியாக ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். அந்தப் பெண் பத்துப் பன்னிரண்டு நாளாக வாசல்படியைத் தாண்டவில்லை. திண்ணைகளில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அத்தை புளி விலையைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டே நடந்தாள்.

கிளம்புகிற அன்று அவள் செய்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்லவேண்டும். துக்க வீடு என்றால் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பவேண்டும். அத்தை வாசலில் நின்று, தெருக்கோடிவரை கேட்கும்படி, "தம்பி, போய்ட்டு வரேன்! கண்ணு, போய்ட்டு வரேன்!" என்றாள். போனது சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி, அழைக்காமல். வந்தது கலியாண வீட்டிலிருந்து வருகிற மாதிரி, சொல்லிக்கொண்டு. இரண்டு சட்டத்தையும் பிரித்துப் போட்டு, பாதியும் பாதியுமாக ஒட்டி, மூன்றாவதாக ஒரு சட்டம் தைத்துவிட்டாள். அவள் போனதால் நின்ற கலியாணம் நடந்துவிடவில்லை. சித்தப்பாவின் கடனும் குறையவில்லை. இது சாவு இல்லை, இந்த வீட்டுக்கு மறுபடியும் வரப்போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். அந்த அவ்வளவு அன்றைக்கு வேறு யாராலும் கொடுக்க முடியாததாக இருந்தது.

இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்லலாம், நியாயமான ஆட்சேபம். மனுஷனுக்குத் தன் வெட்கத்தை மூடி வைத்துக்கொள்ள உரிமை இல்லையா? அவன் கதவைச் சாத்திக்கொள்வதை மதிக்கவேண்டாமா? அதுவும், நம் உறவுக்காரர்களைப் பற்றி நமக்குத் தெரியாதா? 'விசாரிக்க வந்தேன்' என்று உள்ளே நுழைந்து, குசினிவரை எட்டிப்பார்த்து, பெண்ணின் முகத்தைப் படித்துக்கொண்டு போய், அடுத்த ஊரில் அதை விஸ்தாரமாக விநியோகம் செய்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் வராமல் இருப்பதே உபகாரம் அல்லவா?

வாஸ்தவம். இதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஆறுகள் கரை புரளும்போது எங்காவது உடைப்பெடுக்கும். ராத்திரியில் சத்தம் கேட்டதும் ஊர் மண்வெட்டியோடும் சாக்கோடும் ஓடும். சவுக்குக் கட்டையை அடித்து, மண் மூட்டையை அடுக்கி, வைக்கோலைத் திணித்து அடைப்பார்கள். யார் வயலுக்கு நேரே உடைந்தது என்று அப்போது கேட்பதில்லை. கேட்டு முடிப்பதற்குள் தண்ணீர் எல்லார் வயலையும் பார்த்துவிடும். கரை உடைகிற ஆபத்து வந்தால் உழைப்பாளிகளைக் கட்டாயமாகக் கொண்டுவருவதற்கு 1858ல் சென்னை ராஜதானியில் ஒரு சட்டமே போட்டார்கள். எந்தச் சட்டம் போட்டாலும் உடைப்புக்கு வருகிறவர்கள் இரண்டு விதம்தான். ஒருவன் மண் மூட்டையோடு வருகிறான். இன்னொருவன் கையைக் கட்டிக்கொண்டு கரைமேல் நின்று, 'எப்படி உடைந்தது? நண்டு வளையா, எலி வளையா? முன்னாடியே பார்த்திருக்கக் கூடாதோ?' என்று விசாரிக்கிறான். கேள்வி நியாயமானதுதான், தண்ணீர் வடிந்த பிறகு கேட்கவேண்டிய கேள்வி.

ஆக, வெட்கப்பட்ட வீட்டுக்குப் போகிறவன் தன்னைத் தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். நான் சேதி எடுக்கப் போகிறேனா, வேலை செய்யப் போகிறேனா? கை சும்மா இருந்தால் வாய் விசாரிக்கும். அத்தையின் கையில் அரிவாள்மணை இருந்தது.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நம் ஜனங்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். வெட்கத்தைத் துளியும் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். கடன் என்கிற ஒரு வெட்கத்துக்கு மட்டும் ஓர் அருமையான உபாயம் கண்டுபிடித்திருக்கிறார்கள். பட்டுக்கோட்டையைத் தாண்டிப் பேராவூரணிப் பக்கமும், அதை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமும் ஆடி ஆவணியில் போனால் மொய் விருந்துப் பந்தல்களைப் பார்க்கலாம். முன்பெல்லாம் பிள்ளைக்குக் காது குத்துகிறோம் என்று ஒரு காரணம் சொல்லி அழைப்பார்கள். பிற்பாடு அந்தக் காரணத்தையும் விட்டுவிட்டு மொய் விருந்து என்றே பத்திரிகை அடித்தார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் நோட்டுக்காரரிடம் ஊரையும் பெயரையும் சொல்லிப் பணத்தை வைக்கிறார். விருந்து வைத்தவர் அந்தப் பணத்தில் கடனை அடைக்கிறார், கிணறு வெட்டுகிறார், பெண்ணைப் படிக்க வைக்கிறார். கொடுத்தவர்கள் தங்கள் முறைக்கு விருந்து வைக்கும்போது, வாங்கியதற்குமேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்யவேண்டும்.

இதில் உள்ள நயத்தைக் கவனியுங்கள். பணமுடை என்று ஒருவன் நாலு வீட்டு வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவேண்டாம். அவனே விருந்து கொடுக்கிறவன். அவன் வாசலுக்கு நாலு பேர் வருகிறார்கள். துக்கத்துக்குச் சந்தோஷத்தின் சட்டையை மாட்டிவிட்டார்கள். ஆனால் நோட்டு என்று ஒன்று இருக்கிறதே, அது பொல்லாதது. திருப்பிக் கொடுக்கக்கூடியவனுக்குத்தான் அந்தப் பந்தல். 2018 நவம்பர் 16ந் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, தோப்பு போனவனுக்கும் நோட்டில் எழுதிய தொகை அப்படியே நின்றது. நோட்டுக்குப் புயல் தெரியாது. அந்த நாட்களில் விழுந்த மரங்களை வெட்டி வழி ஏற்படுத்திக்கொண்டு, மெழுகுவத்தியும் தண்ணீரும் அரிசியும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அக்கா வீட்டையும் மாமன் வீட்டையும் தேடிப் போனவர்கள் நோட்டைப் பார்த்துவிட்டுப் போகவில்லை. தொலைபேசியும் இல்லை, அழைப்பும் இல்லை. நேற்றுவரை பிறருக்குக் கொடுத்தே பழகிய கைகளுக்கு வாங்கத் தெரியவில்லை. 'எங்கள் வீட்டில் அரிசி அதிகமாக இருந்தது, வைக்க இடம் இல்லை' என்று பொய் சொல்லித்தான் சில வீடுகளில் மூட்டையை இறக்கவேண்டியிருந்தது. அந்தப் பொய் அத்தையின் கண் தெரியாத பொய்யைச் சேர்ந்தது. வள்ளுவருக்குச் சம்மதமான பொய் என்றே நினைக்கிறேன்.

இன்றைக்குச் செய்தி போவதற்குக் காலும் வேண்டாம், கார்டும் வேண்டாம். பேத்தி வாங்கிய மார்க்கு, பேரன் வாங்கிய கார், தாத்தாவின் சதாபிஷேகம் எல்லாம் நடந்த ஐந்தாவது நிமிஷம் கைப்பேசியில் வந்து சேர்ந்துவிடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் இருக்கிற மாமா மகன் பிறந்த குழந்தையை மறுநாளே காட்டுவது நல்லதுதான். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? சந்தோஷம் முழுவதும் வருகிறது. சாவும் தவறாமல் வருகிறது. நடுவில் உள்ளது எதுவும் வருவதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறவனுக்கு, குடும்பத்தில் எல்லாரும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்கள், தான் ஒருவன்தான் தோற்றுப்போனான் என்று தோன்றிவிடும். அப்படித் தோன்றிவிட்டவன் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறான். ஒரு வருஷம் பொங்கலுக்கு ஊருக்கு வராமல் இருக்கிறான். அடுத்த கலியாணத்துக்கு, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்புகிறான்.

இந்தக் காலத்து வெறும் அட்டை அதுதான். மஞ்சள் தடவியிருந்தால், அழைத்தவர் மனசு குளிரப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். கறுப்புத் தடவியிருந்தால் ஊரே போகும். நாம் ஒருவர் கொஞ்சம் பிந்திப் போனாலும் குறைவில்லை. இரண்டும் தடவாத அட்டை வருகிறபோதுதான் மாற்றுத் துணியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பவேண்டும். அங்கே போய் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம். நறுக்குவதற்கு ஏதாவது ஒரு காய் எந்த வீட்டிலும் இருக்கும்.